மாதவரத்துப் பாட்டு இரவுகள்

*வாத்தியக்காரர் ஒருவரும் இல்லாத கச்சேரி இன்று வடசென்னையின் மொட்டை மாடிகளில் நடக்கிறது. அதன் பூர்வீகத்தையும் அதற்கு நாம் செய்ய வேண்டியதையும் சொல்கிறது இச்சிறப்புக் கட்டுரை.*

பகல் முழுவதும் பிறருடைய வேலைக்காகத் தன் தேகத்தையும் சொல்லையும் செலவழித்துவிட்டு வீடு திரும்புகிற மனிதன், இரவில் ஒரு நாழிகையேனும் தன் குரலைத் தனக்காகவே எடுத்துப் பாட ஆசைப்படுவானேயானால், அந்த ஆசையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. சிநேகிதர்கள் நடுவில் வாய்விட்டுப் பாடுவது மனத்துக்கு அவசியமானது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் நாற்று நடவும், ஏற்றம் இறைக்கவும், வலை இழுக்கவும், குழந்தையை உறங்க வைக்கவும், இறந்தவரை அனுப்பி வைக்கவும் தனித்தனியே பாட்டு வைத்தார்கள். அந்தப் பழைய அவசியம் இன்று வடசென்னைக்குக் கரோக்கி என்ற புதிய பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

மாதவரம் என்றவுடன் பட்டணத்து ஜனங்களுக்குப் பால் பண்ணைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கோ, மூலக்கடைச் சந்திப்பின் இரைச்சலும், ஜி.என்.டி. சாலையில் துறைமுகத்துக்கும் மணலிக்கும் ஓயாமல் போய்வரும் கன்டெய்னர் லாரிகளும், 2018-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புறநகர்ப் பேருந்து நிலையத்தில் நடுநிசியிலும் ஆந்திரத்துக்குப் புறப்படும் பஸ்களும், இப்போது வானத்தை நோக்கி எழுந்து நிற்கிற மெட்ரோ ரயில் தூண்களும் சேர்ந்ததுதான் மாதவரம். 2011-இல் மணலி, திருவொற்றியூர் முதலிய அண்டை ஊர்களோடு சேர்ந்து சென்னை மாநகராட்சியில் இணைந்த இந்த ஊரில், லாரி ஓட்டுபவர், கிடங்கில் சரக்கு ஏற்றுபவர், எண்ணூரிலும் மணலியிலும் ‘ஷிப்டு’ வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி என்று பலதரப்பட்டவர்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்து வசிக்கிறார்கள்.

மாடியில் விரிக்கிற பாய்

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குமேல் இந்தத் தெருக்களில் ஏதாவதொரு வீட்டு மாடியில் பாய் விரிக்கிறார்கள். சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, அதனோடு வந்த கம்பியில்லாத மைக் இரண்டு, பாட்டின் ‘டிராக்’கை யூடியூபில் தேடித் தருவதற்குக் கைப்பேசி ஒன்று என்ற அளவோடு உபகரணங்கள் முடிந்துவிடுகின்றன. முப்பது நாற்பது வாத்தியக்காரர்கள் ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்த இசையானது, பாடகரின் குரல் மட்டும் நீங்கலாக அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. குரலுக்குரிய இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் நின்று பாட யார் வேண்டுமானாலும் எழுந்து வரலாம்.

எழுந்து வருவது அவ்வளவு சுலபமல்ல என்பது வந்தவர்களுக்குத்தான் தெரியும். பல்லவி ஒருவாறு கரையேறிவிடும். சங்கடமெல்லாம் அதற்கப்புறம் வருகிற இடையிசையில் இருக்கிறது. வயலின்கள் ஒரு சுற்று போய்வர, புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்ல, தபலா ஓர் உருட்டு உருட்டிச் சட்டென்று நிற்கிற அந்த அரைக்கணத்தில் சரணத்தை எடுத்தாக வேண்டும். மேடையில் உயிருள்ள வாத்தியக்காரர் இருந்தால், பாடகர் தடுமாறும்போது இன்னொரு சுற்று வாசித்துக் காத்திருப்பார், டிராக் காத்திருக்காது. ஆகையால் முதன்முறை மைக் பிடித்த கிடங்குத் தொழிலாளி விழிகளை அகல விரித்துக்கொண்டு நிற்கையில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சிநேகிதர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே விரலை உயர்த்தி, “இப்ப எடு மச்சான்!” என்கிறார். அவரும் எடுத்துவிடுகிறார். எடுத்தவுடன் மாடி முழுவதும் கைதட்டுகிறது. சங்கீதத்தின் தராதரத்தைப் பார்த்து எழுகிற கைதட்டல் அல்ல அது. ஒரு மனிதன் தன் கூச்சத்தைக் கடந்துவிட்டான் என்பதைக் கண்டு, அதே கூச்சத்தை முன்பொரு நாள் தாங்களும் கடந்து வந்தவர்கள் செய்கிற மரியாதை.

அடுத்தது சுருதிப் பிரச்சினை. டி.எம். சௌந்தரராஜனைப் போலவும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைப் போலவும் பாட வேண்டும் என்று எல்லோருக்கும் பிரியம் உண்டு. ஆனால் அவர்கள் அநாயாசமாக ஏறிப்போன மேல் ஸ்தாயியில் சாதாரணத் தொண்டை தவித்துப் போகிறது. “அண்ணே, ரெண்டு கட்டை இறக்கி வைங்க” என்று அனுபவஸ்தர் ஒருவர் சொல்ல, கைப்பேசியில் சுருதியை இறக்கி, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து போடுகிறார்கள். நாடக மேடையின் காலத்திலிருந்து நம் பாட்டுக்காரர்கள் கட்டைக் கணக்கில்தான் தங்கள் குரலின் எல்லையைப் பேசி வந்தார்கள். அந்தக் கணக்கு இன்றைக்கு எந்தக் குருவிடமும் பயிலாத ஒரு லாரி ஓட்டுநரின் வாயில் புழங்குவதை, கரோக்கி தந்திருக்கிற சங்கீதக் கல்வி என்றே சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகக் கேட்டுவந்த பாட்டின் அருமை, அதைத் தாமே பாடிப் பார்த்து, எங்கே மூச்சு வாங்க இடமில்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகுதான் ரசிகருக்குப் பரிபூரணமாக விளங்குகிறது. 1969-இல் ‘அடிமைப் பெண்’ படத்தின் வாயிலாகத் தமிழர் இல்லந்தோறும் அறிமுகமான பாலசுப்ரமணியம், 2020 செப்டம்பர் 25-ஆம் நாள் மறைந்து, மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அடக்கமானார். அந்த ஊர் மாதவரத்திலிருந்து செங்குன்றம் கடந்து போகிற வழியில்தான் இருக்கிறது. இந்த மாடிகளில் அவர் பாட்டு இல்லாத சனிக்கிழமை அபூர்வம்.

துறைமுகம் பெற்றெடுத்த யந்திரம்

இந்த யந்திரம் பிறந்ததும் ஒரு துறைமுகப் பட்டணத்தில்தான். ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கடைகளில், பாட விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு வாத்தியம் வாசித்துப் பிழைத்து வந்தார் டாய்சுகே இனோவே. அவருடைய வாசிப்புக்குப் பழகிப்போன முதலாளி ஒருவர், தாம் போகிற வெளியூருக்கும் கூட வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்க, தம்மால் போக இயலாத நிலையில் வாசிப்பை மட்டும் நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். பாட்டும் நடந்தது, பணமும் வந்தது. அதிலிருந்து யோசனை பிறந்து, கார்களில் வைக்கிற நாடாக் கருவியையும், ஒலிபெருக்கியையும், காசு போடுகிற பெட்டியையும் ஒன்றாக இணைத்து, 1971-இல் பதினொரு யந்திரங்களைச் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். பழக்கமில்லாத குரல்களும் எட்டிப் பிடிக்கத் தக்கவாறு பாட்டுகளின் சுருதியை அவர் தாழ்த்தி அமைத்ததுதான் அதன் வெற்றிக்கு மூலகாரணம். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

அவருக்கு முன்பே, 1967-இல், டோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி என்பவர் இதே தன்மையுள்ள பெட்டி ஒன்றைச் செய்திருந்தார்; 2024 ஜனவரியில், நூறாவது வயதில், அவர் காலமானார். பிலிப்பைன்ஸ் நாட்டு ரொபெர்டோ டெல் ரொசாரியோ தம்முடைய கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேருக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது என்றால், அந்த எண்ணத்துக்குரிய தாகம் உலகத்தில் பொதுவாகவே இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

கரோக்கி ஜப்பானில் மதுக்கடையில் பிறந்தது. மேல்நாடுகளிலும் பெரும்பாலும் மதுக்கடை வழியாகவே பரவியது. நம் ஊரில் அதன் கதி வேறாயிற்று. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்தக் கடைகளை ஒட்டிய பார் என்பது, பிளாஸ்டிக் தம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் சுண்டலும் வைத்துக்கொண்டு அவசரம் அவசரமாகக் குடித்துவிட்டு நகர்கிற இடம். குடும்பத்தோடு உட்காரவோ, ஒருவர் பாடப் பிறர் கேட்கவோ அது லாயக்கற்றது. நகரத்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் உள்ள பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் கரோக்கி இரவு நடத்துகிறார்கள் என்றாலும், அங்கே ஒரு வேளைக்கு ஆகிற செலவு மாதவரத்துத் தொழிலாளிக்குக் கட்டுபடியாகாது. ஆகவே கரோக்கி இங்கே மதுக்கடையைத் தாண்டிக்கொண்டு வீட்டு மாடிக்கும், கல்யாண மண்டபத்துக்கும், தொழிற்சங்க அறைக்கும், அடுக்ககத்துப் பொதுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. மதுக்கடையில் நடந்திருந்தால் ஆண்களின் கூத்தாகவே முடிந்துபோயிருக்கக் கூடிய ஒன்று, மாடிக்கு வந்தபடியால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. பள்ளி ஆண்டு விழாவில் பாடியதோடு சரி, கல்யாணமான பிறகு அடுக்களையில் முணுமுணுப்பதைத் தவிர வேறு பாட்டறியாத தாய்மார்கள், மைக்கை வாங்கிக்கொண்டு பி. சுசீலாவின் பாட்டையோ எஸ். ஜானகியின் பாட்டையோ பாடுகிறபோது, தங்கள் அம்மாவுக்கு இப்படியொரு குரல் உண்டா என்று பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். ஒரு பெண் தன் வீட்டாருக்கே புதிதாக அறிமுகமாகிற அந்தச் சந்தர்ப்பம் ஒன்றுக்காகவே கரோக்கியை வரவேற்கலாம்.

வடசென்னையின் பூர்வீகச் சொத்து

இத்தனை சொன்னாலும், பலர் கூடிப் பாடுவதை வடசென்னைக்கு ஜப்பான் யந்திரம் கற்றுக் கொடுத்தது என்று எண்ணிவிடக் கூடாது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோடிகள் வலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டாக எடுத்துக் கொடுக்கப் பலர் பின்பாட்டாக வாங்கிப் பாடுகிற அம்பாப் பாட்டு, கரோக்கிக்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. பஜனை கோயில் தெரு என்ற பெயர் வடசென்னையில் பல பேட்டைகளில் காணப்படுவது, மார்கழி விடியற்காலையில் அங்கங்கே கூடிப் பாடியவர்கள் விட்டுப்போன அடையாளம். இராயபுரத்தில் அடக்கமாகியிருக்கிற குணங்குடி மஸ்தான் சாகிபின் ஞானப் பாடல்கள், மதபேதமின்றி அந்தப் பக்கத்து ஜனங்களின் நாவில் தவழ்ந்தவை. 1856-இல் இராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்த நாளிலிருந்து, பின்னர் பெரம்பூர் மில்களும், துறைமுகமும், எண்ணூர், மணலி ஆலைகளும் வளர வளர, வேலை தேடி வந்து குடியேறிய பல ஜில்லாக்காரர்களும் தத்தம் பாட்டுகளை மூட்டையோடு கொண்டுவந்தார்கள். இவை யாவும் கலந்து, பட்டணத்துப் பாஷையைத் தரித்துக்கொண்டு உருவானதே கானா.

கானாவின் அரங்கம் பெரும்பாலும் துக்க வீடு. தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானா, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஐஸ் பெட்டியில் இறந்தவர், எதிரே டோலக்கோடும் மைக்கோடும் உட்கார்ந்த பாடகர் என்று விடிய விடிய அந்தக் கச்சேரி நடக்கும். இறந்தவருடைய பெயரைச் சொல்லி, அவர் தாயைச் சொல்லி, அவர் பார்த்த வேலையையும், அவரோடு திரிந்த நண்பர்களையும் சொல்லி, அங்கேயே சொற்களைக் கட்டிப் பாடுவார்கள். மெட்டு பெரும்பாலும் எல்லோரும் அறிந்த சினிமா மெட்டாகவே இருக்கும். சொல் மட்டும் அந்தத் தெருவுக்கே உரிய சொந்தச் சொல். வாழ்நாள் முழுவதும் பத்திரிகையில் பெயர் வராத ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் சரித்திரம், அவர் உடல் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் ஒருமுறையேனும் பாட்டாகப் பாடப்பட்டுவிடுகிறது. இதைவிட மேலான மரியாதையை எந்த மேடையும் எந்தச் சாதாரண மனிதனுக்கும் செய்ததில்லை.

பல காலம் இதை இழிவாக எண்ணியவர்கள் உண்டு. சினிமாவில் தேவா இந்தப் பாணியில் மெட்டமைத்துத் தாமே பாடியதும், 2006-இல் வெளிவந்த ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதனும், 2012-இல் வெளிவந்த ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் தமிழகம் முழுவதும் கேட்கப் பாடியதும் அந்த எண்ணத்தைச் சிறிது அசைத்தன. 2018 ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவினர், பறையையும் சட்டியையும் கிதாரோடு ஒரே மேடையில் நிறுத்திக் கானா பாடியபோது, துக்க வீட்டுத் தெருவில் இருந்த கலை தன் சொந்தப் பெருமையோடு நகரத்தின் நடுவே வந்து நின்றது.

கோஷ்டிகளின் காலம்

கானாவுக்கும் கரோக்கிக்கும் நடுவில் மெல்லிசைக் கோஷ்டிகளின் காலம் ஒன்று இருந்தது. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கூழ் வார்த்த அன்று இரவு பாட்டுக் கச்சேரி இல்லாவிட்டால் திருவிழா பூர்த்தியாகாது. கீபோர்டு, கிதார், தபலா, டோலக் முதலியவற்றோடு ஒரு கோஷ்டி வந்து மேடையேறினால், கூட்டம் துண்டுச் சீட்டில் தன் விருப்பப் பாட்டை எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சினிமாவில் பெயர் பெறுமுன் இளையராஜாவும் கங்கை அமரனும் பாலசுப்ரமணியத்தின் மேடைக் கச்சேரிகளில் வாசித்தவர்கள் என்பதை நினைத்தால், அந்தக் கோஷ்டிகள் எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடங்களாக விளங்கின என்பது புலனாகும். பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திப் பின்னர் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சி, சாதாரண ஜனங்களும் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று பாடலாம் என்ற தைரியத்தை இரண்டு நாட்டுத் தமிழர்களுக்கும் கொடுத்தது.

இன்று கல்யாண வரவேற்பில் கோஷ்டியின் இடத்தில் டிராக் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏழெட்டு வாத்தியக்காரருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் மிச்சமாகிறது என்று கல்யாண வீட்டார் கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த மிச்சத்தின் மறுபக்கம், ஆடியும் தையும் வந்தால் அடுப்பெரியும் என்று நம்பியிருந்த தபலாக்காரர் ஒருவரின் வீட்டில் நஷ்டமாக விழுகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. யந்திரம் மனிதனுக்குப் பாடத் துணிவு கொடுத்தது. அதே யந்திரம் இன்னொரு மனிதனின் கையிலிருந்த வாத்தியத்தை உறையில் போட்டுப் பூட்டவும் வைத்தது. இரண்டும் உண்மைதான்.

அதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. கரோக்கியில் மெட்டும் பிறருடையது, சொல்லும் பிறருடையது. நம்முடையது குரல் மட்டுமே. கானாவிலோ மெட்டை இரவல் வாங்கினாலும் சொல்லை இரவல் வாங்குவதில்லை. ஆகையால், கரோக்கி முடிகிற இடத்தில் ஆரம்பிக்கத் தெரிந்த கலை ஒன்றை வடசென்னை ஏற்கெனவே தன் கைவசம் வைத்திருக்கிறது. மாடியில் நாலு பாட்டு பாடிக் கூச்சம் தெளிந்த இளைஞர், ஐந்தாவது பாட்டாக, அதே டிராக்குக்குத் தம் தெருவையும் தம் வேலையையும் தம் சிநேகிதரையும் பற்றிச் சொந்தச் சொல் கட்டிப் பாடுவாரேயானால், யந்திரம் ஒன்றையும் நம்மிடமிருந்து பறித்ததாகாது. பாட்டனார் டோலக்கை வைத்துச் செய்ததைப் பேரன் பெட்டியை வைத்துச் செய்கிறான் என்றே ஆகும்.

செய்ய வேண்டியவை

இந்தப் பாட்டு இரவுகள் நிலைத்து வாழ வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் முதலில் வேண்டும். இரவு 10 மணிக்குமேல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவரும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், படுக்கையில் கிடக்கிற முதியவரும் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பதால், சட்டம் சொல்லாவிட்டாலும் தாட்சண்யம் சொல்ல வேண்டிய விஷயம் அது. ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துக்கொள்வது பாடுபவர்களுக்கே கௌரவம்.

ஆனால் மொட்டை மாடி இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஒண்டுக் குடித்தனத்திலும் முன்பு குடிசைமாற்று வாரியம் கட்டிய கட்டடங்களிலும் இருப்பவர்களுக்கும் குரல் உண்டு. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் கல்யாணமில்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. மாதவரத்திலும், மணலியிலும், திருவொற்றியூரிலும், இராயபுரத்திலும் அத்தகைய கூடம் ஒவ்வொன்றை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஜனங்கள் பாடுவதற்கென்று திறந்துவிட்டால், அதற்கு மாநகராட்சிக்கு ஆகிற செலவு மின்சாரச் செலவு மட்டுமே. அங்கே மது வேண்டியதில்லை, கட்டணம் வேண்டியதில்லை, போட்டியும் பரிசும்கூட வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் போட்டிகளின் நடுவர் ஆசனம் அங்கே வந்துவிட்டால் சாதாரணக் குரல்கள் மறுபடியும் பின்வாங்கிவிடும்.

இன்னும் ஒன்று. அப்படி நடக்கிற ஒவ்வொரு மாலையிலும், டிராக்குகளை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது அந்தப் பேட்டையைச் சேர்ந்த டோலக்காரர் ஒருவரையோ தபலாக்காரர் ஒருவரையோ உட்கார வைத்து, அவருக்குரிய சம்பளத்தை எல்லோரும் பங்கிட்டுக் கொடுத்து, அவர் வாசிப்புக்குப் பாட வேண்டும். வார்டு கவுன்சிலரைக் கண்டு சமுதாயக் கூடத்தைக் கேட்பதும், தெருவிலுள்ள வாத்தியக்காரரைத் தேடி அழைப்பதும் வாசகர்களாகிய உங்களால் இந்த மாதமே ஆகக்கூடிய காரியங்கள். இரண்டையும் செய்யுங்கள், செய்துவிட்டு, நீங்களும் ஒரு பாட்டு பாடுங்கள்.